சாமிக்கான மாத்திரை

பாண்டிச்சேரிக்குப் புதுச்சேரி என்று பெயர் மாற்றிய சமயம் எனக்கு இரண்டாவது பெண் பிறந்தாள். என் உடம்பில் ரத்தமே இல்லை என்றார் டாக்டர். இனி ஒரு பிள்ளை வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தேன். முடிவு செய்ய நான் யார்? "பையன் பொறக்கட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கோ" என்றார் மாமியார். காப்பர்-டி வைத்தால் கர்ப்பப்பை புண்ணாகிவிடுமாம். கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. உழவர்கரை சுகாதார நிலையத்தில் எப்போதும் எங்கள் தெருப் பெண்கள் யாராவது நிற்பார்கள். அங்கே கருத்தடை மாத்திரை கேட்டால், நான் திரும்புவதற்குள் செய்தி வீட்டுக்கு வந்துவிடும்.

ஆனால் ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள் நெருங்கினால் கதையே வேறு. மருமகள் தீட்டாகிவிடக் கூடாதே! பெரிய மார்க்கெட்டுக்குப் பூ வாங்கப் போகும் கணவரிடம், "அப்படியே அவளுக்கு நாள் தள்ளிப்போற மாத்திரையும் வாங்கியாந்துடு" என்பார் மாமியார், கூசாமல். பூவும் மாத்திரையும் ஒரே பையில் வந்து இறங்கும். சாமிக்கென்றால் கர்ப்பப்பைக்கு ஒன்றும் ஆகாது போலிருக்கிறது.

தீட்டை நிறுத்துகிற மாத்திரை பிள்ளையையும் நிறுத்தாதா என்ன? அப்படித்தான் நம்பினேன். கிருத்திகை, கிரகப்பிரவேசம் என்று ஏதாவது சாக்கு சொல்லி வாங்கிவரச் சொன்னேன். என் பக்தியைப் பார்த்து மாமியாருக்கு ஒரே பூரிப்பு. நாள் தள்ளியபோதும் மாத்திரையின் வேலை என்றே இருந்துவிட்டேன். வாந்தி நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மூன்று மாதம் கடந்திருந்தது.

"இது கருத்தடை மாத்திரை இல்லம்மா. யாரும் சொல்லலையா?" என்றார் டாக்டர். யாரைக் கேட்டிருப்பேன்? வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். "நல்ல சேதிக்கு எதுக்கும்மா அழுவுற?" என்று மாமியார் முதுகைத் தடவிக்கொடுத்தார். அந்தக் கையைத் தட்டிவிடவும் மனசு வரவில்லை.

மூன்றாவதும் பெண். ரத்தம் ஏற்றித்தான் என்னைப் பிழைக்க வைத்தார்கள். கண் திறந்ததும், யாரையும் கேட்காமல், ஆபரேஷன் வேண்டும் என்று நர்ஸிடம் சொன்னேன். கட்டிலருகே நின்ற மாமியார் பயந்துபோயிருந்தார்.

அடுத்த ஆடியில் வழக்கம்போலப் பூப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து நீட்டினார்.

"வேணாம் அத்தை. இனிமே யாருக்காகவும் போட மாட்டேன்."

"சாமிக்குக்கூடவா?"

"சாமிக்குக்கூட."

அந்த வருஷம் வாசலில் கூழ் ஊற்றியபோது, நான் பின்வாசலில் தள்ளி உட்கார்ந்திருந்தேன்.