ஜாடி அடங்கட்டும்

என் சமையலறை மூலையில் ஒரு பீங்கான் ஜாடி இருக்கிறது. மேல் பாதி பழுப்பு, கீழ்ப் பாதி வெள்ளை. இப்போது அதில் எலுமிச்சங்காய் ஊறுகிறது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் குனிந்து காதை வைக்கத் தோன்றும். ஊறுகாய் பேசாது என்று எனக்குத் தெரியாதா என்ன? பழக்கம் விடவில்லை.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். பூந்தமல்லி மிஷன் பள்ளியில் எனக்கு முதல் வேலை. ஊரில் எனக்கென்று ஒருவரும் கிடையாது. ஓய்வுபெற்ற இன்ஜின் டிரைவர் ஒருவர் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தேன். ஆங்கிலோ-இந்தியர் என்பதால் தெருவில் அவரைச் சட்டைக்கார டிரைவர் என்பார்கள். நான் டிரைவர் ஐயா என்பேன். வீட்டுக்குள் இங்கிலீஷ், வெளியே, இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போட்ட ஆட்களிடம் கற்ற மெட்ராஸ் தமிழ். நான் குடிவருவதற்குச் சற்று முன்புதான் மனைவியை அடக்கம் செய்திருந்தார். வீட்டிலேயே பீர் காய்ச்சுவது அவர்கள் இருவரும் சேர்ந்து வைத்திருந்த பொழுதுபோக்கு. இப்போது அதை அவர் ஒண்டியாகச் செய்தார்.

பார்லியை ஈரச் சாக்கில் முளைகட்டி, காயவைத்து, வறுத்து இடித்து, வெந்நீரில் ஊறவைத்து வடிப்பார். கசப்புக்குச் சீமையில் ஏதோ பூப் போடுவார்களாம். இவருக்கு நாட்டு மருந்துக் கடை நிலவேம்பு. காய்ச்சி ஆறியதும், நுரைப்பதற்காகக் காட்டுப்பாக்கத்துக் கள்ளின் அடிவண்டல் ஒரு கரண்டி. மறுநாளே ஜாடிக்குள் முணுமுணுப்பு தொடங்கிவிடும்.

"டீச்சரம்மா, இங்க வா. காத வச்சிக் கேளு. பேசிகினு கீது பாரு."

எங்கள் வீட்டில் சாராயம் என்று சொன்னாலே வாயைக் கழுவச் சொல்வார்கள். இருந்தும் குனிந்தேன். அடுத்த அறையில் நாலு பேர் மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பது போல இருந்தது. அந்த வீட்டில் வேறு பேச்சுச் சத்தமே கிடையாது. ஒரு வாரத்தில் அது அடங்கும், அடங்கினால்தான் பீர் என்றார்.

அந்த வாரமே அரக்கோணத்திலிருந்து மகள் வந்தாள். வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வரச் சொன்னாள். கெட்டவள் இல்லை, அப்பா தனியாகக் கிடக்கிறாரே என்ற கவலைதான். அவர் மறுக்கவில்லை. அவளை வண்டியேற்றிவிட்டு வந்து, "ஜாடி அடங்கினதும் கெளம்பிட்றேன்னு சொல்லிகீறேன்" என்றார் என்னிடம்.

ஜாடி அடங்கவில்லை. ஒரு வாரம் போய், மாதமும் போயிற்று. இதென்ன மாயம் என்று பார்த்தால், அலமாரியிலிருந்து ஜாடிவரை எறும்புச் சாரி. ஒரு மாலை, வாய்த்துணியை அவிழ்த்து வெல்லக்கட்டி ஒன்றை அவர் உள்ளே நழுவவிடும்போது நான் போய் நின்றுவிட்டேன். தொழில் தெரிந்த மனிதர். இனிப்பு விழ விழ நுரைத்துக்கொண்டே இருக்கும் பீர் கடைசியில் புளித்துக் காடியாகத்தான் முடியும் என்று அவருக்கா தெரியாது?

"இது வாய மூடிச்சின்னா நான் போவணும்மா. எம் பொஞ்சாதி இருந்த ஊடு இது."

மறுநாள் பஜாரில் வெல்லம் வாங்கி அவர் அலமாரியில் வைத்தேன். இரக்கத்தால் மட்டும் அல்ல. பள்ளிவிட்டு வந்தால், சுவருக்கு அப்பால் ஒரு மனிதர் இருமுவது எனக்கும் வேண்டியிருந்தது.

எத்தனை நாள்தான் ஓடும்? ஒரு நாள் காலை வெல்லம் போட்டும் ஜாடி பேசவில்லை. வீடெல்லாம் காடி வாடை. இரண்டு கிளாஸ் ஊற்றி ஒன்றை என்னிடம் நீட்டினார். வாங்கிக் குடித்தேன். புளிப்பில் என் முகம் போன போக்கைப் பார்த்து, நான் அறிந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

"இந்த ஜாடி இனிமே ஊறுகாய்க்குத்தாம்மா ஆவும்."

கழுவிக் காயவைத்து என்னிடம் கொடுத்துவிட்டு, அந்த வாரமே கிளம்பினார். வீட்டை வாங்கியவர்கள் வரும்வரை அந்தப் பின்கட்டில் நான் தனியாக இருந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

இப்போது என் தம்பி மகன், வயதான காலத்தில் தனியாக எதற்கு, எங்களோடு வந்துவிடுங்கள் அத்தை என்கிறான். நல்ல பிள்ளை. ஊறுகாய் போட்டிருக்கிறேன், ஊறியதும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நேற்றும் நாலு பச்சை எலுமிச்சங்காய் நறுக்கி அதில் போட்டேன்.