சீனக் கோப்பையில் ஒரு டீ

மாமல்லபுரத்தில் ஓட்டல் வரவேற்பு மேசையில் இருபது வருஷம் உட்கார்ந்தவனுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்தான் வரும். அதிலும் சிரித்துக்கொண்டே வருகிறவர் என்றால் அடையாள அட்டையை இரண்டு தடவை புரட்டிப் பார்ப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை பண்ணையார் மகன் அச்சரப்பாக்கத்திலிருந்து வந்து எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்திச் சிரித்தபடி இறங்கியபோதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

அவர்கள் நிலத்தில்தான் அம்மா நாற்று நட்டாள், களை பறித்தாள். அரை டவுசர் வயதிலேயே அம்மாவை "ஏய்" என்று கூப்பிட்டவர் இவர். இப்போது, "எப்டி கீறீங்கம்மா?" என்கிறார். நான் தண்ணீர் நீட்டினேன். "வோணாம் தம்பி, பாட்டில் கார்ல கீது" என்றார். பக்கத்துச் சிற்பப் பட்டறையின் உளிச் சத்தம் காதுக்கு இனிமையாக இருக்கிறதாம். அந்தச் சத்தத்தை யாராவது புகழ்வார்களா? பேச்சு என்னோடு இருந்தது, கண் அலமாரியை மேய்ந்துகொண்டிருந்தது.

அலமாரியில் சீப்பு, பவுடர் டப்பா, அம்மாவின் பீங்கான் கோப்பை. பிடி கிடையாது. முட்டை ஓடு மாதிரி மெல்லிசு. சுற்றிலும் இளஞ்சிவப்புப் பூக்களும் பச்சைக் கொடியும். அடியில் நீல மையில் சீன எழுத்து.

"அது எங்க வூட்டு கப்பு" என்றார் கடைசியில். "கொள்ளுத்தாத்தா கப்பல்ல எட்த்தாந்தது. இதே மாதிரி இன்னொன்னு பரண்ல ஒடைஞ்சி கெடந்துது. பழைய சாமான் வாங்கறவரு பாத்துட்டு, சீன ராஜா வூட்டு சாமான்னு சொன்னாரு. ஜோடி எப்டி இங்க வந்துது?"

எனக்கு முகம் எரிந்தது. சமையலறைக்குப் போய் அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, "ம்மா, அத்த நீ கேக்காம எட்த்தாந்துட்டியா?" என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கோப்பையை எடுத்துப்போய்க் கழுவி, அதில் டீ ஊற்றி, அவர் கையில் கொடுத்தாள்.

"உங்க வூட்டுதுதான் தம்பி. பீங்கான் ஆவாதுன்னு உங்கம்மா அடுப்படில சேத்துக்க மாட்டாங்க. எனக்குன்னு மாட்டுக்கொட்டா கூரையில சொருவி வெச்சாங்க. இருந்த வரிக்கும் அதுலதான் குடிச்சேன். வேலைய வுட்டப்போ, நீ குடிச்சத யாரு தொடுவா, எட்த்துகினு போன்னாங்க. இத்த குடிச்சிட்டு நீ எட்த்துகினு போ."

அவர் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பூக்களைப் பார்த்தார். கோப்பை இரண்டு முறை வாய்வரை போய்த் திரும்பியது. டீயில் ஆடை படிந்தது. மெல்ல எழுந்தார், வாசற்படியிலிருந்து குனிந்து டீயை மணலில் ஊற்றினார்.

"குடிக்கலியே" என்று அம்மா அவர் கையிலிருந்து கோப்பையை வாங்கிக்கொண்டாள். அவர் போய்க் காரில் ஏறிக்கொண்டார். கார் கிளம்பிப் போனது.

எனக்கு ஒரே குஷி. "செம்மயா குடுத்தம்மா அவனுக்கு!" என்று சிரித்தபடி பின்னாலேயே போனேன்.

அம்மா கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"அவன் குடிக்கமாட்டான்னு எனக்குத் தெரியும்" என்றாள். "நீ கேப்பேன்னுதான் தெரியாது."