ரெண்டு எறக்கு

டன்லப் தெருவில் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது வெண்ணிலா ஸ்டூடியோ. ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரப் படங்களை அங்கே எடுப்பார்கள். தியேட்டர்களில் இடைவேளையின்போது அவை ஓடும். வீட்டுக்கு வீடு வீடியோ வந்த பிறகு மாதம் ஒரு தமிழ்க் கேசட்டும் போட ஆரம்பித்தார்கள். கொஞ்சம் பாட்டு, ஒரு குட்டி நாடகம், சமையல், பேட்டி எல்லாம் அதில் இருக்கும். எதற்கு யார் வந்தாலும் முதலில் பிலோமினம்மாளின் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் காட்டிய பிறகுதான் கேமரா முன்னால் போக முடியும். அவர்தான் மேக்கப்.

"அக்கா, இந்தப் பொண்ணுக்கு ரெண்டு எறக்கு" என்பது அங்கே தினசரி கேட்கும் பேச்சு. முகத்தில் பூசும் மேக்கப் குச்சிகளுக்கு நம்பர் உண்டு. நம்பர் குறையக் குறைய நிறம் வெளுக்கும். மாநிறமாக ஒருத்தி வந்தால் ஒன்று இறக்குவார்கள், கறுப்பாக வந்தால் இரண்டு. ஆளைச் சிவப்பாக்குவதற்கு அங்கே பெயர் இறக்குவது! இந்த வேடிக்கை அங்கே ஒருவருக்கும் உறைத்ததில்லை. தயாரிப்பாளர் தங்கராஜுவே நல்ல கறுப்பு. அவருக்கும் உறைக்கவில்லை. கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவருக்கு நம்பர் எதற்கு?

பிலோமினம்மாளுக்கு அது வேடிக்கையாகவும் படவில்லை, பாவமாகவும் படவில்லை. புண்ணியம் என்றே நினைத்திருந்தார். காரணம் இருந்தது. அவரைப் பெண் பார்க்க வந்த முதல் வீட்டார் கோப்பியைக் குடித்துவிட்டு, "பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி" என்று வாசலிலேயே, அவர் காதில் விழும்படி பேசிக்கொண்டு போனார்கள். அடுத்து வந்தவர் சிலுவைராஜ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். நிறத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பேசாமையையே பெரிய அன்பாக எடுத்துக்கொண்டு இருபத்து மூன்று வருடம் குடித்தனம் நடத்திவிட்டார் பிலோமினம்மாள். கல்யாணத்துக்குப் பிறகு ஹை ஸ்திரீட்டில் ஒரு அழகுப் பொருள் கடையில் வேலை பார்த்துத் தொழிலைக் கற்றுக்கொண்டார். லூர்து மாதா கோயிலில் கல்யாணம் என்றால் மணப்பெண்ணுக்கு அவர் கைதான். கறுத்த பெண்களை வெயிலில் நிற்கிறவர்களாகவும் தன்னைக் குடை கொடுக்கிறவளாகவும் நினைத்துக்கொண்டார்.

சொந்த மகளுக்கும் அப்படித்தான். ஜெசிந்தா சின்ன வயதில் கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கியபோது எடுத்த போட்டோவில் பிள்ளைக்கு அப்பியிருந்த பவுடரில் புருவம்கூடத் தெரியவில்லை. குவீன்ஸ்டவுன் வீட்டுக்கு வந்த பக்கத்து வீட்டுப் பூவம்மா அதைப் பார்த்து, "யாரு வீட்டுப் புள்ள இது, இவ்ளோ செவப்பா?" என்று கேட்டதும் பிலோமினம்மாளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அங்கேயே நின்றுகொண்டிருந்த பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று அவர் பார்க்கவில்லை. செகண்டரி ஸ்கூலுக்குப் போன வருடம் ஜெசிந்தா அந்தப் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஜெசிந்தாவுக்கு வாய்த்தது குரல். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிகளில் அவள் மேடை ஏறினால் கடைசி வரிசையில் அரட்டை அடிக்கிறவர்களும் வாயை மூடுவார்கள். இன்ஷூரன்ஸ் ஆபீசில் டைப்பிஸ்டாகத்தான் போனாள். ஆனால் மனசெல்லாம் திரையில் வந்து பேசுவதிலேயே இருந்தது. எண்பத்து நான்காம் வருடம், கேசட்டுக்கு நிரந்தர அறிவிப்பாளர் தேவை என்று வெண்ணிலாவில் தேர்வு வைத்தபோது, அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டே பெயர் கொடுத்தாள். தேர்வுக்கு முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ம்மா, நாளைக்கு என்னைய எறக்காதீங்க. என் நம்பரையே போடுங்க."

"சரிடி."

"ப்ராமிஸ்?"

"சரின்னு சொல்லிட்டேன்ல, சாப்பிடு."

சரி என்று சொன்னவருக்கு ஒன்று தெரியும். மகளுடைய நம்பர் அவர் பெட்டியில் கிடையாது. அந்த நிறத்துக் குச்சியை ஸ்டூடியோவில் ஒருவரும் கேட்டதில்லை. அதனால் அவர் வாங்கியதும் இல்லை.

மறுநாள் தங்கராஜு அவரைத் தனியே கூப்பிட்டார். "அக்கா, ஜெசிந்தா வாய்ஸ் டாப் லா. ஸ்கிரிப்ட்ட ஒரு தடவ படிச்சுக் காட்டுச்சு, அசந்துட்டேன். உங்க மகளுங்கிறதால சொல்றேன், ரெண்டு எறக்கி அனுப்புங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்."

நல்ல மனுஷர்தான். கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல் சொன்னார். அதுதான் பிலோமினம்மாளின் காலை வாரிவிட்டது. மேக்கப்புக்கு முன்பே தன் நிறத்தில் வந்து வாய்ப்புக் கேட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்ற பதிலை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போன பெண்களை வருடக்கணக்கில் பார்த்தவர் அவர். தன் மகளும் அந்தப் படியில் இறங்கிவிடக் கூடாது என்று நினைத்தார். வாக்குக் கொடுத்தது நினைவில் இல்லாமல் இல்லை. வேலை கிடைத்தபின் கோபம் ஆறிவிடும் என்று கணக்குப் போட்டார்.

"கண்ண மூடிக்கடி" என்றார்.

ஜெசிந்தா நம்பி மூடிக்கொண்டாள். பிலோமினம்மாளின் கை பழகிய வேகத்தில் ஓடியது. நெற்றி, கன்னம், தாடை, கழுத்து. இரண்டு இறக்கி, ஓரம் தெரியாமல் தேய்த்து, பவுடர் ஒற்றி முடித்தார். அவர் செய்த மேக்கப்புகளிலேயே அதுதான் சுத்தமானது.

ஜெசிந்தா கண்ணைத் திறந்தாள். கண்ணாடியில் புதுநன்மைப் போட்டோவில் இருந்த பிள்ளை வளர்ந்து உட்கார்ந்திருந்தது. அவள் கத்தவில்லை. கண்ணாடியைப் பார்த்தே கேட்டாள்.

"இன்னும் எவ்ளோம்மா எறக்குவீங்க என்னைய?"

பிலோமினம்மாளுக்கு அப்போதுதான் அந்தச் சொல் உறைத்தது. அத்தனை வருடம் அவர் வாயால் சொன்ன சொல், ஒரு தடவைகூடக் காதில் விழாத சொல். அதற்குள் ஜெசிந்தா கோல்ட் கிரீமை அள்ளி முகத்தில் தேய்த்து, துண்டால் அழுத்தித் துடைத்தாள். துண்டெல்லாம் வெள்ளை. வெறும் முகத்தோடு எழுந்து உள்ளே போனாள்.

ஸ்டூடியோ விளக்குகள் இறக்கிய முகங்களுக்காக வைக்கப்பட்டவை. மானிட்டரில் அவள் முகம் முதலில் இருட்டாகத்தான் தெரிந்தது. விளக்குப் பார்க்கும் ஜமால் முகம்மது, "சார், ஒரு லைட்ட மட்டும் கிட்ட தள்ளிக்கிறேன், சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே தள்ளியும் விட்டார். ஒரே ஒரு விளக்குதான். முகம் பளிச்சென்று எழுந்து வந்தது. கன்னத்து எலும்பும், கண்ணும், பேசும்போது ஒரு பக்கம் ஏறும் உதடும் தெரிந்தன. வாசலில் நின்ற பிலோமினம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். அடியம்மா, இவ்வளவு அழகா என் பிள்ளை! பெற்றவள், குளிப்பாட்டியவள், இந்த முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"லைட்ட பழைய எடத்துல வைங்க ஜமால்" என்றார் தங்கராஜு. "ஒவ்வொரு ஆளுக்கா நகத்திக்கிட்டு இருக்க முடியுமா? வெளிய இன்னும் ஏழு பேரு நிக்கிறாங்க லா."

விளக்கு பின்னால் போனது. ஜெசிந்தா இருட்டில் நின்று கடைசி வரி வரைக்கும் தடுமாறாமல் படித்து முடித்தாள்.

வேலை வேறு ஒரு பெண்ணுக்குப் போனது. நிறமான பெண், 'வாழ்க' என்பதை 'வால்க' என்பாள். தங்கராஜு அதையெல்லாம் போகப் போகச் சரி பண்ணிக்கொள்ளலாம் என்றார். நாக்கைச் சரி பண்ணலாமாம், விளக்கை நகர்த்த முடியாதாம்.

ஜெசிந்தா அம்மாவிடம் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. 'பசியாறிட்டேன்', 'லேட்டாவும்', 'கதவப் பூட்டிக்குங்க' என்பதோடு பேச்சு நின்றது. வேலை கிடைக்காமல் போனதற்காக இல்லை, கண்ணை மூடச் சொன்னதற்காக. அது பிலோமினம்மாளுக்கும் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? பூசை நேரத்தில் மகள் பக்கத்தில் முட்டி போட்டிருக்கும்போது பல ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். வந்தது ஜெபம்தான்.

வார்த்தைக்குப் பதிலாகக் கடைக்குப் போனார். மகளின் நம்பரைச் சொன்னதும் கடைப்பெண் அதை யாரும் வாங்குவதில்லை, வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும் என்றாள். வரவழைக்கச் சொன்னார். குச்சி வந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோய் ஜெசிந்தாவின் மேசையில் வைத்தார். மறுநாள் காலையில் அது அவருடைய மேக்கப் பெட்டிக்கே திரும்பி வந்திருந்தது, உறை பிரிக்காமல்.

சில மாதம் கழித்து ஒரு புடவைக்கடை விளம்பரத்துக்கு ஒரு பெண் வந்தாள். ஈசூனில் வீடாம். நல்ல கறுப்பு, ஜெசிந்தாவின் நிறமேதான். உள்ளேயிருந்து தங்கராஜு வழக்கம்போல், "அக்கா, ரெண்டு எறக்கு!" என்று குரல் கொடுத்தார்.

பிலோமினம்மாள் பெட்டியைத் திறந்து அந்தக் குச்சியை எடுத்தார். இத்தனை வருடத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த யாரிடமும் கேட்காததை அன்றைக்குக் கேட்டார்.

"இது உன் நெறம்மா. இதையே போட்டு விடட்டுமா? நீ சொல்லு, நான் அவருகிட்ட பேசுறேன்."

அந்தப் பெண் பதறிப்போனாள். "ஐயோ வேணாம் ஆன்ட்டி! இப்படியே தெரியிறதுக்கா வந்தேன்?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கெஞ்சினாள். "அவரு ரெண்டுன்னாரு. நீங்க மூணு எறக்குங்களேன், ப்ளீஸ்."

பிலோமினம்மாள் மகளுடைய குச்சியைப் பெட்டியில் போட்டுவிட்டு வெளுத்த குச்சியை எடுத்தார். அந்தப் பெண் பழக்கப்பட்டவள்போலத் தானாகவே கண்ணை மூடிக்கொண்டாள்.

"மூடாதம்மா" என்றார் பிலோமினம்மாள். "கண்ணத் தொறந்துக்க. நான் என்ன பண்றேன்னு பாத்துக்கிட்டே இரு."

அந்தப் பெண் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். முகம் வெளுக்க வெளுக்கக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள்.