மூன்றாவது ஸ்பீக்கர்: கோவில் குழாய்

1. பாட்டில் ஆள் இல்லை

புஷ்பராணி என் ஸ்டூடியோவுக்கு வந்தால் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, "அண்ணே, இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்த பிறகே உள்ளே வருவார். அன்று செருப்போடு வந்தார். நான் இருக்கிறேனா என்றும் கேட்கவில்லை.

"அண்ணே, என் கொரல எங்க வச்சீங்க?"

ஸ்டூடியோ என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஹட்டனுக்குச் சற்று மேலே, தகரக் கூரை போட்ட என் வீட்டின் பின்னறை அது. எதிரொலி வராமல் இருக்கச் சுவர் முழுக்கப் பழைய கம்பளிகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். மழைக்காலத்தில் அறையில் ஒரு செம்மறியாட்டுக் கூட்டம் நனைந்து நிற்பதுபோல வாடை வரும். இருபது வருடங்களுக்கு மேலாக ஒலிப்பதிவுதான் என் தொழில். கலியாண வீடியோவுக்குக் குரல், கடைகளுக்கு விளம்பரம், முச்சக்கர வண்டியில் கட்டி ஓட்டும் மரண அறிவித்தல் என்று எல்லாம் செய்வேன். வருடத்துக்கு ஒரு முறை கலையும் செய்வேன்.

அந்த வருடத்துக் கலை, புஷ்பராணியின் அம்மன் பாட்டு. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். பாட்டைக் கட்டியதும் அவர், பாடியதும் அவர். மாரியம்மன் திருவிழாவில் கொடியேறும் காலை, கோவில் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில்தான் முதல் பாட்டு போகும். அந்தக் குழாயைக் கோவிலைப் பார்த்துக் கட்டுவதில்லை. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கொழுந்து பறிக்கிற பெண்களுக்குக் கேட்கவேண்டும் என்று மலையைப் பார்த்துக் கட்டுவார்கள். அம்மனுக்குப் பக்கத்திலேயே இருக்கிற வசதி உண்டு.

அவர் வருவதற்கு முதல் நாள் குழாயைக் கட்டிப் பரீட்சை பார்த்திருக்கிறார்கள். ஏழாம் நம்பர் மலையில் நின்ற பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் காது கொடுத்திருக்கிறார்கள். தப்பு மேளம் கேட்டது. உடுக்கை கேட்டது. பின்பாட்டு கேட்டது. புஷ்பராணியின் குரல் மட்டும் கேட்கவில்லை. எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முணுமுணுப்பதுபோல ஒரு மிச்சம் வந்ததாம்.

"காலைல வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுல எல்லாரும் வரிசையா நிக்கிறோம். எங்க பிலோமினா கேக்குறா, 'ஏன்டி, உடுக்கு வந்துச்சு, தப்பு வந்துச்சு, நீ மட்டும் லீவு போட்டுட்டியா?'ன்னு. வேலய மேற்பார்வை பாக்குற கண்டாக்கையா கூட சிரிச்சிட்டாரு அண்ணே."

"தலைவர் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். தோட்டத்துத் தலைவர்தான் திருவிழாவுக்கும் தலைவர்.

"'சரிவரலன்னா பழைய பென் டிரைவ் இருக்கு, கவலப்படாத'ங்குறாரு. எனக்கு அந்தக் கவலதாண்ணே. போன வருசமும் பழைய பென் டிரைவ், அதுக்கு முந்தின வருசமும் அதே. இந்த வருசம் என் பாட்டுன்னு மலை முழுக்கச் சொல்லி வச்சிருக்கேன்."

பாட்டை என் ஸ்பீக்கர்களில் போட்டுக் காட்டினேன். குரல் அறையெங்கும் பரவி, நாலு பக்கமிருந்தும் வந்தது. அதை நான் மகத்துவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இந்தா, இருக்கே!"

"இங்க இருந்து என்னண்ணே செய்ய? ஏழாம் நம்பர் மலையில இல்லயே."

அனுபவசாலி இப்படிப்பட்ட நேரத்தில் செய்யவேண்டியதைச் செய்தேன். சாமானைக் குறை சொன்னேன்.

2. குற்றவாளியைத் தேடுதல்

சந்தேகப்பட எனக்குத் தோதான ஆள் ஒன்று இருந்தது. என் பழைய டாக்.

கம்பியூட்டருக்குள் பாட்டு வெறும் எண்களாக இருக்கிறது. அந்த எண்களை மின்சாரமாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பெட்டிதான் டாக். என்னுடையது போன இடிமழையில் அடிவாங்கியது. சத்தத்தைக் கூட்டும் திருகியைத் தொட்டால் கரகரக்கும். பாதிக்குக் கீழே குறைத்தால் வலது பக்கம் கோபித்துக்கொண்டு போய்விடும். இப்படிப்பட்ட ஒன்றில் கேட்டு மிக்ஸ் செய்தால் குரல் காணாமல் போகாமல் என்ன செய்யும் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

புது டாக் ஒன்று வேண்டும். கூடவே மொனிட்டர் கொன்ட்ரோலர் ஒன்றும் வேண்டும். மிக்ஸ் செய்கிறவர் எந்த ஸ்பீக்கரில், எவ்வளவு சத்தத்தில் கேட்பது என்பதை ஒரே இடத்திலிருந்து மாற்றித் தருகிற பெட்டி அது.

இணையத்தில் இறங்கினேன். அங்கே மனிதர்கள் டாக்குகளைப் பற்றிப் பேசுவதைப் பார்த்தால் பெண் பார்க்கப் போன வீட்டார் தோற்றுப்போவார்கள். ஒன்றின் சத்தம் 'வெதுவெதுப்பு' என்றார் ஒருவர். 'கொஞ்சம் கர்வம்' என்றார் இன்னொருவர். நான் ஆசைப்பட்ட பெட்டி, எறும்பு மூச்சு விட்டாலும் கேட்கும் அளவுக்கு நிசப்தம் தரும் என்று எழுதியிருந்தது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே கூரைத் தகரத்தில் மழை பிடித்தது. அந்த எறும்பு மூச்சைக் கேட்பதென்றால் நான் முதலில் வேறு மாவட்டத்துக்குக் குடிபோகவேண்டும்.

மனைவி கலா தேநீரோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இதுல என்ன வித்தியாசம்ங்க?"

"இதுல மீட்டர் இருக்கு. முள்ளு ஆடும்."

"ஆடினா?"



3. புறக்கோட்டையில் ஒரு பட்டன்

திருவிழாவுக்கு அதிக நாள் இல்லை. விடியற்காலை பஸ் ஏறிக் கொழும்புக்குப் போனேன். புறக்கோட்டையில் இசைச் சாமான் கடை வைத்திருக்கும் நஸீர் நானாவை எனக்குப் பல வருடப் பழக்கம். ஒரு சாமானைப் பற்றி அவர் மோசமாகப் பேசி நான் கேட்டதில்லை. விற்றுத் தீர்ந்துபோன சாமான்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேசுவார்.

"சேர் கேட்ட சாமான் ஈக்குது. பக்கத்துலயே சின்னதொண்டும் ஈக்குது. ரெண்டையும் கேட்டுப் பாத்து எடுங்க."

மேசையில் இரண்டு ஜோடியை வைத்தார். ஒன்று, முள் ஆடும் மீட்டர் வைத்த பெரிய டாக்கும் அதற்கேற்ற கொன்ட்ரோலரும். மற்றது கறுப்பாக, அடக்கமாக, சாப்பாட்டுப் பெட்டி அளவில் இருந்தது. புஷ்பராணியின் பாட்டைக் கொடுத்தேன். முதலில் சின்னதில் கேட்டேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப பெரியதுக்கு மாத்துங்க நானா" என்றேன்.

கேட்டேன். உடல் சிலிர்த்தது.

"ஆஹா! தப்போட அடி எவ்வளவு தெளிவா விழுது பாத்தீங்களா?"

"சேர், இன்னும் மாத்தல்ல" என்றார் நானா. "வயர் கழண்டு ஈக்குது, மாட்டிட்டு ஈக்கிறன்."

கடையில் வேறு யாரும் இல்லாதது என் முன்னோர் செய்த புண்ணியம். விழுந்த மரியாதையைத் தூக்கி நிறுத்துவதற்காக, சின்னக் கொன்ட்ரோலரின் பட்டன்களை ஒவ்வொன்றாக அமத்தி விளக்கம் கொடுக்க ஆரம்பித்தேன். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டது.

"இது டிம். ஃபோன் வந்தா சட்டுனு சத்தத்தக் குறைக்க. இது ஸ்பீக்கர் மாத்த. இது மொனோ. இடது வலது ரெண்டையும் ஒண்ணாச் சேத்து..."

மொனோவை அமத்தினேன். புஷ்பராணி போய்விட்டார்.

தப்பு இருந்தது. உடுக்கை இருந்தது. பின்பாட்டு இருந்தது. நடுவே கிணற்றுக்குள்ளிருந்து ஒரு முணுமுணுப்பு.

"என்னத்த சேர் அமத்தினீங்க?" நானா பதறிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "புதுச் சாமான் சேர்!"

பட்டனை விட்டேன். புஷ்பராணி வந்தார். அமத்தினேன், போனார். விட்டேன், வந்தார். நானா என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சிரிக்கத் தொடங்கியதும் அவர் ஓரடி பின்வாங்கினார்.

நடந்தது இதுதான். குரல் மலையளவுக்கு விரியவேண்டும் என்று, மிக்ஸில் விரிக்கும் எஃபெக்ட் ஒன்றைப் போட்டிருந்தேன். அது குரலை இரண்டாக்கி, இடப்பக்கம் ஒன்றையும் வலப்பக்கம் அதன் தலைகீழ் வடிவத்தையும் அனுப்பும். இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டால் குரல் உங்களைச் சுற்றி வரும். ஆனால் கோவில் குழாய் ஒன்றுதான். அங்கே இருக்கும் அம்ப்ளிஃபயர் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கூட்டும். நேரானதும் தலைகீழானதும் சேர்ந்தால் மிஞ்சுவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஒருவர் முன்னே தள்ள, மற்றவர் அதே பலத்தோடு பின்னே தள்ள, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

மொனோவில் கேட்டுப் பார்க்கும் வசதி என் கம்பியூட்டரிலும் உண்டு. நாலு கதவு திறந்து போகவேண்டிய உள்ளறையில் இருக்கிறது. நான் அங்கே போவதே இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பட்டனாக இருந்திருந்தால் சும்மா இருக்கும்போதாவது அமத்திப் பார்த்திருப்பேன்.

சின்னதையே எடுத்தேன். நானாவுக்கு வருத்தம்.

"மீட்டர் வேணாமா சேர்?"

"வேணாம் நானா. எனக்கு மூணு ஸ்பீக்கர் மாட்டணும். பெரியதுல ரெண்டுக்குத்தான் இடம் இருக்கு."

"மூணாவது என்ன ஸ்பீக்கர்?"

"கோவில் கொழாய்."

 பில் போடும்போது அவர் என் நெற்றியை ஒரு முறை உற்றுப் பார்த்தார்.

4. கொய்யா மரத்தில் ஸ்டூடியோ

வாங்கியதை வீட்டில் மாட்டிய பிறகுதான் அது எனக்கு ஏன் பொருந்தியது என்று முழுதாகப் புரிந்தது. இதே வேலைக்கு வருகிற இளையவர்கள் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

என் சுவரும் பக்கத்து வீட்டுச் சுவரும் ஒன்று. நான் மெதுவாக வைத்துத்தான் கேட்க முடியும். சில கொன்ட்ரோலர்களில் சத்தத்தைக் குறைக்கக் குறைக்க இடது வலது சமமாக இராது. நடுவில் நிற்கவேண்டிய பாடகி நாற்காலியை ஓரத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஆகவே கடையில் பெரிய சத்தத்தில் கேட்டு மயங்காதீர்கள். ஆகக் குறைந்த சத்தத்தில் கேளுங்கள். அடுத்தது, எங்கள் மின்சாரம் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகிற அதே லைனில் வருகிறது. அங்கே கொழுந்து வாட்டும் காற்றாடி ஓடத் தொடங்கினால் என் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் ஏறும். புது டாக்கிலும் கொன்ட்ரோலரிலும் பெலன்ஸ்ட் வயர் போட இடமுண்டு. பாட்டை நேராக ஒரு கம்பியிலும் தலைகீழாக இன்னொன்றிலும் அனுப்பி, முடிவில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பார்கள். இரண்டிலும் ஒரே மாதிரி ஏறிய இரைச்சல் கழிந்துபோகும், பாட்டு மிஞ்சும். புஷ்பராணியைத் தின்ற அதே வித்தை, சரியான இடத்தில் உட்கார்ந்தால் காவல்காரன்.

எஃபெக்ட்டைக் கழற்றினேன். குரலை நட்டநடுவில் வைத்தேன். பிறகு எனக்குத் தெரிந்த ஓர் ஆளிடம் இரவல் வாங்கிய குழாயைப் பின்பக்கக் கொய்யா மரத்தில் கட்டி, பழைய அம்ப்ளிஃபயர் ஒன்றின் வழியாக கொன்ட்ரோலரின் மூன்றாவது வாயில் மாட்டி, பட்டனை அமத்தினேன்.

எங்கள் பக்கம் குழாய் சத்தம் போட்டால் ஒன்று திருவிழா, இல்லையென்றால் சாவு. பக்கத்து வீட்டுக்காரர் ஈரத் துவாலையோடு வேலியருகே ஓடிவந்தார்.

"ஐயோ, யாருங்க தவறினது?"

"யாரும் இல்லண்ண, மிக்ஸிங்."

"நம்ம ஆளுங்களா?"

கலா வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கொய்யா மரத்துக்கும் கம்பியூட்டருக்குமாக ஓடி ஓடி மிக்ஸ் செய்தேன். குழாயில் அடித்தொண்டை வராது, உச்சி காதைக் கிழிக்கும். தப்பைக் கொஞ்சம் ஒதுக்கி, குரலை முன்னே இழுத்து, என் நல்ல ஸ்பீக்கர்களில் கேட்டால் சுமாராகவும் கொய்யா மரத்தில் கேட்டால் அருமையாகவும் இருக்கிற ஒரு பாட்டைச் செய்து முடித்தேன்.

5. ஏழாம் நம்பர் மலை

கொடியேறும் காலை நான் கோவிலில் நின்றேன். தலைவர் சட்டைப்பையில் பழைய பென் டிரைவைத் தயாராக வைத்திருந்தார். அதன் கறுப்பு மூடி வெளியே எட்டிப் பார்த்தது. புஷ்பராணி கோவிலுக்கு வரவில்லை. பாட்டு எங்கே கேட்கவேண்டுமோ அங்கே நின்றுதான் கேட்பேன் என்று மலைக்குப் போய்விட்டார்.

பாட்டு தொடங்கியது. தப்பு போனது, உடுக்கை போனது. முதல் அடியில் குரல் எழுந்து, குழாயை விட்டுப் பள்ளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனது. எதிர்மலையில் சிறிய சிறிய நிறங்களாகத் தெரிந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். கூடைகள் அசையாமல் நின்றன. தலைவர் கையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.

பாட்டு முடிந்ததும் ஃபோன் வந்தது. பின்னால் ஒரே சிரிப்பும் கூச்சலும்.

"கேட்டுச்சா தங்கச்சி?"

"கேட்டுச்சுண்ணே! ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு!" பிறகு குரல் தாழ்ந்தது. "ஆனா அண்ணே, நடுவுல நான் மூச்சு வாங்குறதும் கேட்டுச்சே. பிலோமினா சொல்றா, 'ஏன்டி, பாடுறியா, கூடையத் தூக்கிட்டு ஏத்தம் ஏறுறியா?'ன்னு. அத எடுத்துவிட்டிருக்கலாம்ல?"

எறும்பு மூச்சைக் கேட்கலாம் என்று எழுதியிருந்த டாக்கை வாங்கவில்லையே என்று எனக்குள் ஒரு மூலையில் இருந்த கடைசி வருத்தமும் அத்தோடு போயிற்று. ஒரு பாடகியின் மூச்சு ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டிப் போயிருக்கிறது. அதற்குமேல் எந்தப் பெட்டியிடம் என்ன கேட்பது?

நீங்களும் வாங்கப் போகிறீர்கள் என்றால், கடைக்காரரிடம் எதையும் கேட்குமுன் உங்கள் பாட்டைக் கேட்கப்போகிறவர் எங்கே நிற்பார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்த இடத்துக்கு ஒரு பட்டன் இருக்கிற பெட்டியை எடுங்கள். இரவல் குழாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான் சொந்தமாக ஒன்று வாங்கிக் கொய்யா மரத்தில் கட்டியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் இப்போதெல்லாம் ஓடிவருவதில்லை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்கிறார்:

"சாவா, மிக்ஸிங்கா?"