எஸ்.டி.டி. அல்ல, சுமைதாங்கி

நான் இருக்கும் ஜெர்மன் ஊரில் தெருப்பலகைக்குக் கீழே ஒரு குட்டிப்பலகை தொங்கும். பெயருக்குரியவர் யார், என்ன செய்தார் என்று இரண்டு வரி. எங்கள் தெருவுக்குப் பெயர் தந்தவர் ஒரு மர வியாபாரி. அதைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு பிர்கிட், "உங்கள் ஊர்த் தெருவின் பெயர் என்ன?" என்று கேட்டார். சுமைதாங்கித் தெரு என்றேன். சுமையை இறக்கிவைக்கும் இடம் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். "ஓ, ரயில் நிலையத்தில் பெட்டி வைக்கும் அறையா!" என்றார். சிரித்து மழுப்பினேன். கர்ப்பத்தோடு இறந்த பெண்ணின் நினைவாக நடும் கல் அது, அவள் இறக்கிவைக்காமலே போன சுமைக்காக வழிப்போக்கர்கள் தங்கள் சுமையை இறக்கிவைப்பார்கள் என்று சொல்ல எனக்கு அந்த மொழி போதவில்லை.

நாமக்கல்லில் எங்கள் தெருமுனையில் அந்தக் கல் நின்றது. ஒரு வண்டிக்காரரின் மனைவி செல்லாயிக்காக வைத்தது என்பார் அப்பா. அவளுக்கு வாரிசில்லை, படமில்லை. தெருப்பெயர் ஒன்றுதான் மிச்சம். சாக்கடை வெட்டியபோது கல்லைப் பிடுங்கி எறிந்தார்கள். இரண்டு மாதம் முன்பு தம்பி முருகேசன் புதுப் பலகையைப் படமெடுத்து அனுப்பினான்: ‘எஸ்.டி.டி. தெரு’. எனக்கு ரத்தம் கொதித்தது. போன் போட்டுக் கத்தினேன்.

"அங்க முன்னால எஸ்.டி.டி. பூத்து இருந்துச்சுல்லங்ணா, அதுல வந்த பேருன்னு முனிசிபல் ஆபீசுல சொல்றாங்க."

"நீ வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"சொன்னனுங்ணா. பழைய பேருக்கு அத்தாட்சி கேட்டாங்க. ஊட்ல தேடுனா உங்க கவருங்கதான் கெடச்சுது. நீங்களே இருவது வருசமா எஸ்.டி. தெருன்னுதானுங்ணா எழுதியிருக்கறீங்க. இன்னொரு டி-யத்தான் அவங்க சேத்துட்டாங்க."

விசா பாரத்தில் கட்டம் போதவில்லை என்று சுமைதாங்கியை எஸ்.டி. ஆகச் சுருக்கியவன் நான்தான். பிறகு அதுவே பழகிவிட்டது. ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. நாலு வருடம் மணியடித்த போன் பூத் வரலாறாம், வயிற்றுப் பிள்ளையோடு செத்தவள் ஒன்றுமில்லையாம்! என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொண்டேன்.

பழைய பெயரையே வைக்கச் சொல்லி அந்த ஆபீசுக்கு மனு எழுதினேன். பாரத்தில் ஒரு கேள்வி: ‘விண்ணப்பதாரர் இத்தெருவில் வசிப்பவரா? ஆம் / இல்லை.’ ஆம் என்றால் பொய். இல்லை என்றெழுதக் கை வரவில்லை. இரண்டிலும் டிக் அடித்து அனுப்பினேன்.

செல்லாது என்று மனு திரும்பி வந்தது, என் பெயருக்கு, எஸ்.டி.டி. தெரு முகவரிக்கு. தபால்காரர் யாரையும் விசாரிக்காமல் நேராக எங்கள் நாமக்கல் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாராம்.