துளி எண்ணெயும் என் பத்தியமும்

வலது தோளில் நெடுநாளாகக் குடியிருந்த நோவுக்கு, டென்மார்க்கில் நான் இருக்கும் பிரெடெரிசியா நகரத்து டொக்டர் ஒரு சின்னப் போத்தல் சிபிடி எண்ணெய் எழுதித் தந்தார். கஞ்சாச் செடியிலிருந்து எடுப்பதுதான், ஆனால் வெறி வராது, நித்திரை வேண்டுமானால் வரும் என்றார். அளவு ஆளுக்கு ஆள் மாறுமாம். நாலு துளியில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டி, எனக்குச் சரியானதை நானே கண்டுபிடிக்க வேண்டுமாம். ஓர் எல்லைக்கு மேலே மட்டும் போகக்கூடாது. வீட்டில் என் தேநீருக்குச் சீனி எவ்வளவு என்று தீர்மானிக்கும் அதிகாரம்கூட எனக்கு இல்லை. இப்போது மருந்தின் அளவையே தீர்மானிக்கச் சொல்கிறார்கள்! சைக்கிளில் விசில் அடித்தபடி வீடு வந்தேன்.

அவசரமும் இருந்தது. கோடையில் ஒடென்சே அணியோடு கரப்பந்தாட்டப் போட்டி. என்னைவிட எவ்வளவோ இளையவரான எங்கள் அணித் தலைவர் மிகுந்த மரியாதையோடு சொல்லியிருந்தார்: "அண்ணை, கை தூக்க ஏலாட்டி இந்தமுறை நீங்கள் புள்ளி பாருங்கோ. நிழலில கதிரை போட்டுத் தாறம்." ஒரு மனிதனைக் கிழவனாக்க நரை தேவையில்லை, நிழலில் ஒரு கதிரை போதும். போட்டிக்குள் என் அளவைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும்.

மருந்தென்றால் பத்தியம் வேண்டாமா? டொக்டர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாவம், டெனிஷ்காரி, அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று நானே ஒன்றை விதித்துக்கொண்டேன். தேங்காய்ப்பால் இல்லை, பொரியல் இல்லை, வெண்ணெய் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. விடிய வெறும் வயிற்றில் துளிகளை நாக்குக்குக் கீழே விட்டு, பிறகு காய்ந்த கறுத்த ரொட்டியும் பாலில்லாத தேநீரும். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் என் மனைவி ஒருநாள் தட்டை எட்டிப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, டொக்டர் பத்தியம் சொன்னவவோ?"

"சொல்லேல்லை. ஆனா மருந்தெல்லோ."

"அப்ப கத்தரிக்காய் என்ன பாவம் செய்தது?"

நாலு ஆறானது, ஆறு பத்தானது. டொக்டர் சொன்ன எல்லைக்கே வந்துவிட்டேன். கண்ட பலன், இடுப்புப் பட்டி ஒரு துளை உள்ளே போனதுதான்.

அப்போதுதான் கோல்டிங்கில் மைத்துனி வீட்டுப் பிறந்தநாள் வந்தது. அன்று விடிய அவசரத்தில் மருந்து எடுக்காமல், போத்தலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். ஆட்டிறைச்சிக் கறியின் மணம் வாசலிலேயே என் பத்தியத்தை முறித்துவிட்டது. இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன். பிறகு ரோல்ஸ், நெய் மிதக்கும் பாயசம். சாப்பிட்ட கையோடு வழமையான பத்துத் துளியையும் விட்டேன்.

கேக் வெட்டும் படங்கள் எல்லாவற்றிலும் பின்னால் ஒரு சோபா தெரிகிறது. அதில் வாயைத் திறந்தபடி தூங்குபவர் நான்தான். ஆனால் எழுப்பிய பிறகு நடந்ததைக் கேளுங்கள். உயரத்தில் கொளுவியிருந்த ஜாக்கெட்டை வலது கையால் எட்டி எடுத்தேன். எடுத்த பிறகுதான் எடுத்ததே தெரிந்தது. நோகவில்லை! நம்பமுடியாமல் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். நான் விடைபெறுகிறேன் என்று நினைத்து மைத்துனியும் கையசைத்தார்.

கார் ஓட்டியது மனைவி. வழியெல்லாம் ஆட்டிறைச்சிதான் மருந்து என்று வாதாடிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை டொக்டருக்கு அழைத்தேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். சொல்லி முடிக்க நேரம் எடுத்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார்: கொழுப்புள்ள சாப்பாட்டோடு போனால்தான் இந்த எண்ணெய் உடம்பில் நன்றாகச் சேருமாம். ஆக, இத்தனை நாளும் மருந்து வேலை செய்யாமல் இருக்கத்தான் நான் பத்தியம் காத்திருக்கிறேன். திரும்ப நாலிலிருந்து தொடங்கி, தினமும் ஒரே மாதிரிச் சாப்பாட்டோடு எடுக்கச் சொன்னார். தூக்கம் வந்தால் கார் ஓட்ட வேண்டாம் என்றும் சொன்னார்.

மறுநாளே வெண்ணெய் தடவிய ரொட்டி, முட்டைப்பொரியல், நாலு துளி. கிழமைகள் போக, ஆறு துளியில் கை தலைக்கு மேலே போனது. ஏழு விட்டால் வேலைத்தளத்தில் கொட்டாவி. ஆறு! கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

போட்டியில் முதல் சேர்விஸ் என்னுடையது. கை முழுவட்டம் சுழன்றது. தோளில் சின்ன முணுமுணுப்புக்கூட இல்லை. பந்து வலையையும் ஒடென்சே அணியையும் தாண்டிப் பக்கத்துக் கார்த் தரிப்பிடத்தில் போய் விழுந்தது.

தலைவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அண்ணை, தோள் சுகம். இனி எதைச் சாட்டப் போறியள்?"

பந்தை எடுக்க நானே ஓடினேன். எடுத்து, வலது கையாலேயே, கார்களுக்கு மேலால் திருப்பி எறிந்தேன்.