ஜன்னலுக்குக் கீழே ஈரம்

பெயிண்டர் என்றால் வாளியும் பிரஷும் தூக்கி வந்து நிறத்தை ஏற்றிவிட்டுப் போகிறவன் என்றுதான் எங்கள் கருங்கல் ஊர்ப்பக்கத்தில் இன்னமும் நினைக்கிறார்கள். "ரெண்டு கோட்டு இழுத்து விடுலே, பளபளன்னு இருக்கும்" என்று சொல்லாத வீட்டுக்காரரை நான் பார்த்ததில்லை. கேட்டதும் எனக்குச் சுர்ரென்று வரும். பத்து நாள் வேலையில் நிறம் ஏற்றுவது கடைசி இரண்டு நாள்தான். மீதி எட்டு நாளும் பழைய நிறத்தைச் சுரண்டுவது, கழுவுவது, விரிசலை அடைப்பது, மேடுபள்ளம் மறையப் பட்டி போடுவது, உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது. எல்லாவற்றையும்விட அதிகமாகக் காத்திருப்பது. காத்திருக்கத் தெரியாதவனை நான் கூட வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை.

ஒன்பது வருடம் வளைகுடாவில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவன் நான். அங்கிருந்து பணத்தைவிட அதிகமாகக் கொண்டுவந்தது பிடிவாதத்தைத்தான். சந்தேகமான சுவர் என்றால் ஒரு முழ அகலத்துக்குப் பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டிவிடுவேன். சுவருக்குள் ஈரம் இருந்தால் மறுநாள் தாளின் உள்பக்கம் வியர்த்திருக்கும். வியர்த்த சுவரில் கை வைக்கமாட்டேன். அதன்மேல் பட்டி போட்டால் ஆறே மாதத்தில் கொப்புளம் கிளம்பி அப்பளம்போல உரிந்து விழும். என்னோடு வேலை செய்கிற மச்சினனுக்கு இது பெரிய வேடிக்கை. "அத்தான் சொவருக்கு ஸ்கேன் எடுக்காரு, பேசாம நில்லுங்க" என்று வீட்டுக்காரர்களிடம் சொல்லுவான்.

மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசியில் ஒரு அண்ணன் போன் பண்ணினார். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரர். இருபது வருடத்துக்கும் மேலாக வளைகுடாவில் ஏசி மெக்கானிக். அந்தப் பணத்தில் கட்டிய வீட்டில் அவருடைய மனைவி தனியாக இருந்தார். பிள்ளைகள் கிடையாது. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், ஐம்பது வயதுதான் இருக்கும். அக்காவுக்கு வயிற்றில் கட்டி. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. அக்காவின் தங்கை வந்து கூட நின்றாள்.

"மக்கா, ஹாலும் முன்ரூமும் ஒண்ணு செரியாக்கணும். ஆளுவ வருவாவ இல்லியா" என்றார் அண்ணன்.

எந்த ஆட்கள், எதற்கு வருவார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் இது நடக்கிறதுதான். ஒருவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் பின்னாலேயே பெயிண்டருக்குப் போன் வரும். ஹாலில்தான் சவப்பெட்டி வைப்பார்கள். வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்கள் அடக்கத்தைப் போனில் நேரலையாகப் பார்ப்பார்கள். சுவரில் பூஞ்சை தெரிந்தால் அந்த வீட்டுக்குக் குறைச்சல். நானே இப்படி ஏழெட்டு வீடு செய்திருக்கிறேன். படுத்திருக்கிறவர்களிடம் கிறிஸ்துமஸ் வருகிறது, கல்யாணம் வருகிறது என்று ஏதாவது சொல்லிவைத்திருப்பார்கள்.

"எனக்கு ஒரே ஒரு லீவுதான் மக்கா கெடைக்கும்" என்றார் அண்ணன். "சோலி நடக்கும்போ வந்தா தூசியும் மணமும், படுக்க எடமும் இல்ல. நீ தீந்தாச்சுன்னு எப்பம் சொல்லுதியோ அதுக்கு ஒத்து டிக்கெட் போடுதேன்."

சரி அண்ணே என்றேன். எத்தனை பெரிய காரியத்தை என் தலையில் வாங்கிக்கொள்கிறேன் என்று அப்போது தோன்றவே இல்லை.

அக்கா படுத்திருந்தது ஹாலை ஒட்டிய அறையில். தூசி போகக்கூடாது என்று அந்தக் கதவை மட்டும் இரண்டு அடுக்கு பிளாஸ்டிக் போட்டு மறைத்து, கீழே ஈரத்துணி திணித்தோம். தேய்ப்பு முடிந்து தரையைத் துடைத்த பிறகு சாயங்காலம் அக்கா கதவைத் திறக்கச் சொல்லுவார். தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டு அன்றைய வேலையைப் பார்ப்பார். முதல் நாளே என்ன கலர் என்று கேட்டார்.

"அண்ணன் வெள்ளதான் சொல்லியிருக்காவ அக்கா."

"வெள்ள வேண்டாம் மக்கா. ஆஸ்பத்திரிலேருந்து இப்பம்தானே வந்தேன். லேசா சந்தனக் கலரு அடி. அவியளுக்கு நான் சொல்லிக்கிடுதேன்."

ஆள் பாதியாகக் கரைந்திருந்தார், பேச்சு மட்டும் பழையபடி இருந்தது. எதற்கு இந்த வேலை நடக்கிறது என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. தெரியாமல் இருக்கிறார் என்று நான் நினைத்தேன். நான்தான் மடையன்.

முன்ரூமும் ஹாலில் மூன்று சுவரும் நல்லபடியாக வந்தன. நாலாவது, மேற்குப் பக்கத்துச் சுவர், ஜன்னலுக்குக் கீழே ஒரு கட்டில் அகலத்துக்கு ஊறிக் கிடந்தது. மழை ஜன்னல் விளிம்பில் இறங்கி உள்ளே புகுந்திருக்கிறது. பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, வெளியே விளிம்பை அடைத்து, புதிதாகப் பூசி, இரண்டு ஃபேனைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தோம். தினமும் தாள் ஒட்டினேன். தினமும் வியர்த்தது. வெளியே மழை விட்டபாடில்லை. அண்ணன் இரண்டு நாளுக்கு ஒரு தரம் போன் பண்ணுவார், சுவரைப் பற்றி முதலில் கேட்பார், அக்காவைப் பற்றிக் கடைசியில் கேட்பார். எனக்கு அது கோணலாகப் பட்டது. ஆனாலும் வேலையைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்கிற வீட்டுக்காரர் கிடைத்தாரே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. இதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை மத்தியானம் அக்கா கூப்பிட்டார். தங்கை ஸ்பூனால் கஞ்சி வெள்ளம் கொடுத்துக்கொண்டிருந்தாள். போதும் என்று கையைக் காட்டிவிட்டு அக்கா என்னைப் பார்த்தார்.

"சோலி தீந்தாச்சா மக்கா?"

"மூணு சொவரு ஆச்சு அக்கா. மேக்க உள்ளது காயல்ல."

"அவியகிட்ட தீந்தாச்சுன்னு சொல்லிரு."

நான் சிரித்தேன். "அதெப்பிடி அக்கா சொல்ல?"

"எப்பிடியா? வாயாலதான்" என்றார். தங்கைகூடச் சிரித்தாள். பிறகு அக்கா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அவியளுக்குப் பயம் மக்கா. என்னைய இந்தக் கோலத்துல பாக்கப் பயம். சொவரு காயல்லங்கதப் புடிச்சிட்டு அங்கன நிக்காவ. தீந்தாச்சுன்னு நீ சொல்லிட்டா வேற சாக்கு கெடையாது, வந்தே ஆவணும். எனக்கு ஒருக்க பாத்தா போரும்."

"நீங்க வரச் சொல்லப்பிடாதா?"

"நான் வா வான்னு கூப்பிட்டா முடியப்போவுதுன்னு இன்னும் பயந்துருவாவ. நீ சொன்னா சோலிக் காரியம்."

அந்த இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் சரி அக்கா என்று வெளியே வந்து போனை எடுத்திருப்பான். ஈரத்தின்மேல் ஒரு கோட்டு இழுத்துவிட்டு முடிந்தது என்று சொல்லுகிற பெயிண்டர்கள் தாலுகா முழுக்க இருக்கிறார்கள். சுவரைத் தொடக்கூட வேண்டாம், ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு வாய் வரவில்லை. அரைகுறையாக நிற்கிற சுவரை அண்ணன் வந்து பார்த்து, இதையா தீர்ந்தது என்று சொன்னாய் என்று கேட்பதுதான் என் கண்ணுக்கு முன்னால் நின்றது. கட்டிலில் கிடக்கிற மனுஷி நிற்கவில்லை.

"நாலே நாளு அக்கா" என்றேன். "ஞாயித்துக்கெழம எல்லாம் தீத்துத் தருவேன். அண்ணன் வந்து பாக்கும்போ ஒரு குறை சொல்லப்பிடாதில்லா?"

அக்கா கோபப்படவில்லை. "செரி மக்கா. உனக்க சோலி உனக்குத்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தங்கை என்னைப் பார்த்தபடியே இருந்தாள்.

அன்று சாயங்காலம் அண்ணன் போன் பண்ணினார். இன்னும் நான்கு நாள் ஆகும் என்றேன். அவர் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "அப்பம் ஞாயித்துக்கெழமைக்குப் போடுதேன் மக்கா, நீ அவசரப்படாண்டாம்" என்றார். அக்கா சொன்னது அத்தனையும் சரி என்று அந்த மூச்சிலேயே தெரிந்தது. தெரிந்தும் நான் வேறு எதுவும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு ஃபேனை இன்னும் கொஞ்சம் சுவர்ப் பக்கம் தள்ளி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாளை உரித்தேன். ஒரு சொட்டு இல்லை. மச்சினனிடம் காட்டி, பார்த்தியா, சொன்ன கணக்கு தப்பவில்லை என்று பெருமையடித்தேன்.

சனிக்கிழமை காலையில் பட்டிப் பையோடு போய் இறங்கினால் முற்றத்தில் ஆட்கள் நின்றார்கள். விடிந்து சற்று நேரத்தில் அக்கா போய்விட்டார். மச்சினன் பையை வண்டியிலேயே திரும்ப வைத்தான். நான் போனை எடுத்து அண்ணனின் நம்பரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வீட்டிலிருந்து அவருக்கு முன்பே சொல்லியாகிவிட்டது. டிக்கெட்டை மாற்றக்கூட வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி ஏறி ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிற அதே டிக்கெட்.

பத்து மணிக்குப் பந்தல்காரர்கள் வந்தார்கள். ஹாலில் ஐஸ் பெட்டி வைக்க இடம் பண்ணிவிட்டு, வெள்ளையும் வயலட்டுமாகச் சுருக்கு வைத்த துணியை மேலேயிருந்து தரைவரைக்கும் நான்கு சுவரிலும் கட்டினார்கள். நான் தேய்த்த சுவர், மச்சினன் தேய்த்த சுவர், பட்டி போட்ட இடம், போடாத இடம் எல்லாம் துணிக்குப் பின்னால் போய்விட்டது. எந்தச் சாவு வீட்டிலும் அவர்கள் இப்படித்தான் கட்டுவார்கள். இது எனக்குத் தெரியாததா? நான் பெயிண்ட் அடித்த ஏழெட்டு வீட்டிலும் கட்டியிருக்கிறார்கள். அண்ணனுக்கும் தெரியும், அவர் எத்தனை அடக்கத்தைப் போனில் பார்த்திருப்பார். இருந்தும் நாங்கள் இரண்டு பேரும் பத்து நாளாகச் சுவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அந்தத் துணியைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பின்பக்கம் குழாயடியில் போய் முகத்தைக் கழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். ஏர்போர்ட்டிலிருந்து வந்த சட்டையோடு பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கண்ணாடிமேல் கையை வைத்து வைத்து எடுத்தார், அது குளிர்ந்து கிடந்தது. மூன்று மணிக்குக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். நானும் ஒரு முனை பிடித்தேன். பிடிக்கிற அளவுக்குக் கனமே இல்லை.

திரும்பி வந்து, கூட்டம் குறைந்த பிறகு, முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணன் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு என் கை இரண்டையும் பிடித்துக்கொண்டார். தங்கை கட்டன்சாயாக் கிளாஸோடு எங்களுக்கு அருகில் வந்து நின்றாள்.

"எல்லாவரும் எனக்கிட்ட பொய் சொன்னாவ மக்கா" என்றார். "கொழப்பமில்ல, கஞ்சி குடிக்கா, பேசுதான்னு. நீ ஒருத்தன்தான் உள்ளத உள்ளபடி சொன்ன. நாலு நாளுன்னா நாலு நாளு."

கையை இழுத்துக்கொள்ள முடியவில்லை.

"பத்து நாளு கூடவே நின்னியே. எனக்கிட்ட சொல்லணும்னு அவ ஏதும் சொன்னாளா?"

தங்கை கிளாஸைக் கொடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்லண்ணே, ஒண்ணும் சொல்லல்ல" என்றேன்.